பவுன் காசில் குதிரை ஏற்றியவர்

மும்பையில் நகைக் கடைக்குப் போகும் தமிழ்க் குடும்பத்தைக் கடைக்காரர் உடனே அடையாளம் கண்டுகொள்வார். மற்றவர்கள் பத்து கிராம் என்ன விலை என்று கேட்பார்கள். பழைய ஆட்கள் தோலா என்பார்கள். நம்மவர்கள் மட்டும் பவுன் என்ன விலை என்று கேட்பார்கள். ஊரை விட்டு வந்து மூன்று தலைமுறை ஆனாலும் இந்தக் கணக்கு மட்டும் மாறவில்லை. பெண்ணுக்கு எத்தனை பவுன் போடுகிறீர்கள் என்பதுதான் தாராவியிலும் கேள்வி, மாட்டுங்காவிலும் கேள்வி.

பவுன் என்றால் 8 கிராம். இந்த 8 கிராம் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்து அரசாங்கம் வெளியிட்ட சாவரின் என்ற தங்க நாணயத்தில் இருந்து வந்தது. அதன் எடை 7.98 கிராம். 22 காரட் தங்கம். சாவரின் என்பது நம் வாயில் சவரன் ஆயிற்று. அதன் மதிப்பு ஒரு பவுண்டு. அந்தப் பவுண்டு பவுன் ஆயிற்று. நாணயம் புழக்கத்தில் இருந்து மறைந்துவிட்டது. பெயரும் எடையும் நம்மிடம் தங்கிவிட்டன.

பழைய குடும்பங்களின் இரும்புப் பெட்டியில் அசல் சவரன் காசு ஒன்றிரண்டு இன்றும் இருக்கும். ஒரு பக்கம் ராஜா தலை அல்லது ராணி தலை. மறு பக்கம், குதிரை மேல் இருக்கும் வீரன் ஒருவன் கீழே கிடக்கும் பறவை நாகத்தை வெட்டுகிறான். அந்த வீரன்தான் புனித ஜார்ஜ். இங்கிலாந்தின் காவல் புனிதர். சென்னைக் கோட்டைக்குப் பெயர் தந்தவரும் அவரே.

காசை நன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நாகத்தின் கீழே வலது ஓரத்தில், எறும்புத் தலை அளவில் பி.பி. என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரியும். பூதக் கண்ணாடி இருந்தால் நல்லது.

அந்த எழுத்துகளுக்கு உரியவர் பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி. அவர் ஆங்கிலேயர் அல்ல. பிழைப்புத் தேடி லண்டனுக்கு வந்த இத்தாலிக்காரர். இங்கிலாந்தின் தங்க நாணயத்துக்கு முகம் கொடுத்த அவருக்கு, அந்த நாடு உரிய பதவியைக் கடைசி வரை கொடுக்கவில்லை.

நீதிபதியின் மகன்

பிஸ்ட்ரூச்சி 1783-ம் ஆண்டு ரோம் நகரில் பிறந்தார். அப்போது ரோம் போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்தது. தந்தை பெடரிகோ, குற்றவியல் நீதிமன்றத்தில் பெரிய நீதிபதி. பையன்களைப் படிக்கவைத்து வழக்கறிஞர் ஆக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

பெனடெட்டோவுக்குப் படிப்பு ஏறவில்லை. லத்தீன் பாடம் வேப்பங்காயாய்க் கசந்தது. காலமும் சரியில்லை. நெப்போலியனின் பிரெஞ்சுப் படைகள் இத்தாலிக்குள் நுழைந்தன. நெப்போலியன் ஆதரவாளர்களை விசாரித்துத் தண்டித்தவர் என்பதால் தந்தையின் தலைக்கு விலை வைக்கப்பட்டது. குடும்பம் ஊர் ஊராக ஓடியது.

கடைசியில் பையனைக் கல் செதுக்கும் தொழிலில் சேர்த்தார்கள். கேமியோ என்று ஒரு வேலை உண்டு. சில கற்களில் ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் அடுக்கடுக்காக இருக்கும். மேல் அடுக்கைச் செதுக்கி உருவம் எடுத்தால், கீழ் அடுக்கு அதற்குப் பின்னணியாக நிற்கும். கட்டைவிரல் நகம் அளவுள்ள கல்லில் ஒரு முகத்தையே கொண்டுவந்துவிடலாம். பொறுமையும் கூர்மையான கண்ணும் வேண்டிய வேலை. அரச குடும்பத்தாரும் பிரபுக்களும் இதைப் பதக்கமாகவும் மோதிரமாகவும் அணிந்தார்கள்.

புத்தகத்தில் ஓடாத மூளை கல்லில் ஓடியது. வேலை கற்றுத் தந்தவர்களில் நிக்கோலா மொரெல்லி என்பவர் பெயர் பெற்றவர். பையனின் கைத்திறன் கூட இருந்தவர்களுக்குப் பொறாமை மூட்டியது. ஒரு சண்டையில் உடன் பயின்றவன் அவரைக் கத்தியால் குத்திவிட்டான். காயம் ஆறும் வரை வீட்டில் படுத்திருந்த நாட்களில், மெழுகில் உருவம் பிடிக்கத் தானாகவே கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்ட வித்தைகளில் அதுவும் ஒன்று.

இருபது வயது ஆகும் முன்பே தனியாகத் தொழில் தொடங்கினார். 1802-ம் ஆண்டு பார்பரா என்ற பெண்ணை மணந்தார். ஒன்பது பிள்ளைகள் பிறந்தன.

ரகசிய எழுத்து

அக்காலத்தில் ரோம் நகருக்குப் பணக்கார ஆங்கிலேயர்கள் ஏராளமாக வந்தார்கள். பழைய கிரேக்க, ரோமானியக் கலைப் பொருள்களுக்கு என்ன விலை கேட்டாலும் கொடுத்தார்கள். புதிய வேலைக்கு அந்த விலை கிடைக்காது.

இதைத் தெரிந்துகொண்ட தரகர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். இளம் கலைஞர்களிடம் குறைந்த கூலிக்குக் கேமியோ செய்து வாங்குவார்கள். அதற்குப் பழமைத் தோற்றம் கொடுத்து, மண்ணில் இருந்து தோண்டி எடுத்தது என்று சொல்லி விற்பார்கள். செய்தவனுக்குச் சில காசு, விற்றவனுக்குப் பெரிய லாபம். வேலை செய்தவனின் பெயர் எங்கும் இருக்காது.

போனெல்லி என்ற தரகர் இப்படிப் பிஸ்ட்ரூச்சியிடம் பல கற்களை வாங்கினார். பிஸ்ட்ரூச்சிக்குச் சந்தேகம் வந்தது. அன்று முதல் தன் வேலைகளில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், லாம்டா என்ற கிரேக்க எழுத்தை ரகசியமாகச் செதுக்கி வைத்தார். என்றாவது ஒரு நாள் உதவும் என்று எண்ணினார். அந்த நாள் வந்தது. ஆனால் ரோமில் அல்ல, லண்டனில்.

நெப்போலியனைப் பார்த்துப் பிடித்த மெழுகு

பிஸ்ட்ரூச்சியின் பெயர் மெல்லப் பரவியது. நெப்போலியனின் தங்கை எலிசா அவரை ஆதரித்தார். தந்தையின் தலைக்கு விலை வைத்தவரின் குடும்பமே மகனுக்கு வேலை கொடுத்தது.

1814-ம் ஆண்டு இறுதியில் பிஸ்ட்ரூச்சி பாரிஸ் சென்றார். அப்போது நெப்போலியன் பதவி இழந்து எல்பா தீவில் இருந்தார். சில மாதங்களில் தப்பி வந்து மீண்டும் ஆட்சியைப் பிடித்தார். நூறு நாள் ஆட்சி என்று வரலாறு கூறும் காலம் அது. கையில் மெழுகை வைத்துக்கொண்டு, நெப்போலியனை நேரில் பார்த்துப் பார்த்து, அவர் முகத்தைப் பிஸ்ட்ரூச்சி வடித்தார்.

1815-ம் ஆண்டு ஜூன் மாதம் வாட்டர்லூ போரில் நெப்போலியன் தோற்றார். அந்த ஆண்டின் கடைசி நாளில் பிஸ்ட்ரூச்சி லண்டன் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 32.

உடைந்த மலர்த் தேவதை

லண்டனில் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய மனிதர் சர் ஜோசப் பாங்க்ஸ். கேப்டன் குக்குடன் கடல் பயணம் செய்தவர். பெரிய தாவரவியல் அறிஞர். பாங்க்ஸ் தன் முகத்தை வடிக்கும் வேலையைப் பிஸ்ட்ரூச்சிக்குக் கொடுத்தார்.

ஒரு நாள் பாங்க்சின் வீட்டில் பிஸ்ட்ரூச்சி வேலை செய்துகொண்டிருந்தபோது, ரிச்சர்டு பெய்ன் நைட் என்பவர் வந்தார். இங்கிலாந்தில் பழம்பொருள் சேகரிப்போரில் முதல் வரிசையில் இருந்தவர். பழைய நாணயம், வெண்கலச் சிலை, செதுக்கிய கல் எதுவானாலும் அவர் சொல்வதே தீர்ப்பு. அவர் புதிதாக வாங்கிய ஒரு கேமியோவைப் பெருமையோடு காட்டினார். ரோமானியரின் மலர்த் தேவதையான புளோராவின் தலை, உடைந்த துண்டாக இருந்தது. கிரேக்கர் காலத்து வேலை என்று அவர் வர்ணித்தார்.

பிஸ்ட்ரூச்சி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். அது அவரே செய்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் போனெல்லிக்குச் செய்துகொடுத்தது. கிடைத்த கூலி ஐந்து பவுண்டுக்கும் குறைவு. தன் ரகசிய எழுத்து இருக்கும் இடத்தையும் காட்டினார்.

நைட் ஒப்புக்கொள்ளவில்லை. ஊர் பேர் தெரியாத இத்தாலிக்காரன் ஒருவன் தன் கண்ணைக் குறை சொல்வதா என்று கோபம். தேவதையின் தலையில் உள்ள பூக்கள் இன்று உலகில் இல்லாத ஒரு வகை மாதுளம் பூ, ஆகவே கல் பழையதுதான் என்று வாதாடினார். அங்கேயே இருந்த பாங்க்ஸ் அந்தப் பூக்களை உற்றுப் பார்த்தார். தாவரங்களைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர யார் உண்டு? அவை சாதாரண ரோஜாப் பூக்கள்தான் என்று முடிவு சொல்லிவிட்டார்.

அதோடு நிற்காமல், அதே போல இன்னொரு புளோரா செய்து காட்டும்படி பாங்க்ஸ் பணித்தார். பிஸ்ட்ரூச்சி செய்து காட்டினார். பார்த்தவர்கள் நம்பினார்கள். நைட் மட்டும் நம்பவில்லை. 1824-ம் ஆண்டு அவர் இறந்தபோது அவருடைய சேகரிப்பு முழுவதும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயிற்று. அந்தப் புளோராவும் அதில் ஒன்று. இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இப்போது அதைப் பிஸ்ட்ரூச்சியின் வேலை என்றே மியூசியம் சொல்கிறது.

பழம்பொருள் வாங்குபவர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. நைட் ஏமாந்ததுகூடப் பெரிய தவறு அல்ல. உண்மை முன்னால் வந்து நின்றபோதும் தான் கொடுத்த விலைக்காக அதை ஏற்க மறுத்ததுதான் தவறு.

சவரன் பிறந்தது

இந்த வழக்கால் பிஸ்ட்ரூச்சியின் பெயர் லண்டன் முழுவதும் பரவியது. பாங்க்ஸ் அவரைக் கொண்டு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் முகத்தைக் கல்லில் செதுக்கச் செய்தார். அதை வெல்லஸ்லி போல் என்பவர் பார்த்தார். வாட்டர்லூவில் வென்ற வெலிங்டன் பிரபுவின் அண்ணன் இவர். நாணயச் சாலையின் தலைவராக இருந்தார்.

நீண்ட போரால் இங்கிலாந்தில் தங்கக் காசு புழக்கத்தில் இருந்து மறைந்து, காகித நோட்டே ஓடிக்கொண்டிருந்த காலம் அது. போர் முடிந்ததும் நாணயங்கள் அனைத்தையும் புதிதாக அடிக்க 1816-ம் ஆண்டு சட்டம் வந்தது. அதற்கு முன் இருந்த தங்கக் காசு கினி. அதன் மதிப்பு 21 ஷில்லிங். கணக்குக்கு ஒத்துவராத எண். புதிய தங்கக் காசு சரியாக 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு என்று முடிவாயிற்று. 1489-ம் ஆண்டு ஏழாம் ஹென்றி மன்னர் வெளியிட்ட பெரிய தங்கக் காசின் பெயரான சாவரின் என்பதையே இதற்கும் வைத்தார்கள்.

காசின் மறு பக்கத்தில் என்ன போடுவது? வழக்கம்போல அரசு முத்திரைக் கேடயம் போடலாம். பிஸ்ட்ரூச்சி வேறு யோசனை சொன்னார். சிறிது காலத்துக்கு முன் ஸ்பென்சர் பிரபுவின் மனைவி, கணவர் அணியும் விருதுப் பதக்கத்துக்காகப் புனித ஜார்ஜ் உருவத்தைக் கிரேக்கச் சிற்ப முறையில் செய்யச் சொல்லியிருந்தார். அதையே காசில் போடலாம் என்றார் பிஸ்ட்ரூச்சி. போல் சம்மதித்தார். அதற்கான மாதிரியைக் கல்லில் செதுக்க 100 கினி கூலி.

வீரனின் உடலுக்கு யார் மாதிரியாக நின்றார் தெரியுமா? பிஸ்ட்ரூச்சி தங்கியிருந்த விடுதியில் உணவு பரிமாறிய ஓர் இத்தாலிக்காரர்! லெஸ்டர் சதுக்கத்தில் இருந்த புரூனே விடுதியின் பணியாள். பல நாடுகளின் கஜானாக்களில் குவிந்த தங்கக் காசின் மீது கம்பீரமாகக் குதிரை ஏறியிருப்பவர், மேசைக்கு மேசை தட்டு ஏந்திய ஏழைத் தொழிலாளி.

1817-ம் ஆண்டு ஜூலை முதல் தேதி புதிய சவரன் வெளிவந்தது. முதல் காசில் வீரன் கையில் முறிந்த ஈட்டி இருந்தது. 1821-ம் ஆண்டு முதல் ஈட்டி போய் வாள் வந்தது. அந்த வாளோடுதான் நாம் பார்க்கிறோம்.

குறை சொன்னவர்களும் உண்டு. அந்தச் சிறு வாளால் நாகத்தை எட்ட முடியுமா என்றார்கள். உடையில்லாமல் தலைக்கவசம் மட்டும் போட்டுக்கொண்டு யாராவது போருக்குப் போவார்களா என்றார்கள். ஆனால் காசைக் கையில் எடுத்தவர்கள் அந்தக் குதிரையின் துள்ளலை ரசிக்காமல் கீழே வைக்கவில்லை.

பதவி இல்லை, வேலை உண்டு

அதே 1817-ம் ஆண்டு நாணயச் சாலையின் தலைமைச் செதுக்குநர் தாமஸ் வயன் 25 வயதிலேயே இறந்துபோனார். காசு அடிக்கும் எஃகு அச்சுகளைச் செய்யும் பொறுப்பு அந்தப் பதவிக்கு உரியது. அதைத் தருவதாகப் போல் பிஸ்ட்ரூச்சிக்கு வாக்களித்தார். ஆண்டுக்கு 500 பவுண்டு சம்பளம், நாணயச் சாலைக்கு உள்ளேயே வீடு.

இங்கேதான் சட்டம் குறுக்கே வந்தது. வேற்று நாட்டில் பிறந்தவர் அந்தப் பதவியில் அமரக் கூடாது. போல் ஒரு வழி கண்டார். பதவியைக் காலியாகவே வைத்துவிட்டு, வேலையை மட்டும் பிஸ்ட்ரூச்சியிடம் கொடுத்தார். நாற்காலி காலி, வேலை முழுதும் இவர் தலையில்.

அந்த நாற்காலிக்கு உரிமை கொண்டாட இன்னொருவர் இருந்தார். இறந்துபோன வயனின் உறவினரான வில்லியம் வயன். நாணயச் சாலையிலேயே உதவிச் செதுக்குநராக இருந்தார். அவரும் சாமானியர் அல்ல, மகா கலைஞர். ஆங்கிலேயர் இருக்க, இத்தாலிக்காரருக்கு எதற்குச் சலுகை என்று பத்திரிகைகள் எழுதின. இரு தரப்பாகப் பிரிந்து ஆண்டுக் கணக்கில் மோதிக்கொண்டார்கள்.

பிஸ்ட்ரூச்சியின் குணமும் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. 1818-ம் ஆண்டு வந்த கிரௌன் என்ற வெள்ளிக் காசில், முதல் எழுத்துகளை மட்டும் போடாமல், பிஸ்ட்ரூச்சி என்று தன் முழுப் பெயரையும் இரண்டு பக்கத்திலும் பொறித்தார். காசு மன்னருக்கா, செதுக்கியவனுக்கா என்று கேலி எழுந்தது. ரோமில் பெயரை மறைத்து வைக்க வேண்டியிருந்தவர் லண்டனில் அதை ஊரறியப் போட்டுக்கொண்டார்.

குதிரை இறங்கியது

1820-ம் ஆண்டு நான்காம் ஜார்ஜ் மன்னர் ஆனார். காசில் பிஸ்ட்ரூச்சி வடித்த தன் முகம் அவருக்குப் பிடிக்கவில்லை. சான்ட்ரி என்ற சிற்பி செய்த சிலையைப் பார்த்து அப்படியே காசில் போடும்படி உத்தரவு வந்தது.

பிஸ்ட்ரூச்சி மறுத்துவிட்டார். இன்னொருவர் செய்ததை நகல் எடுப்பது என் வேலை அல்ல என்பது அவர் நிலை. அரசாங்கத்தில் சம்பளம் வாங்குகிறவர் மன்னரின் விருப்பத்துக்கு மறுப்புச் சொல்வது சின்ன விஷயமா? அவரை ஆதரித்த போல் 1823-ம் ஆண்டு பதவி விலகிவிட்டார். தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. மன்னரின் முகத்தை வில்லியம் வயன் செதுக்கினார்.

1825-ம் ஆண்டு புதிய சவரன் வந்தது. அதன் மறு பக்கத்தில் குதிரை இல்லை, வீரன் இல்லை. அந்த இடத்தில் அரசு முத்திரைக் கேடயம் வந்துவிட்டது. எட்டு ஆண்டுதான் அந்தக் குதிரை ஓடியது.

1828-ம் ஆண்டு சண்டைக்கு ஒரு முடிவு கட்டினார்கள். வில்லியம் வயன் தலைமைச் செதுக்குநர் ஆனார். பிஸ்ட்ரூச்சிக்கு என்று தலைமைப் பதக்கக் கலைஞர் என ஒரு புதிய பட்டத்தை உண்டாக்கிக் கொடுத்தார்கள். ஒரே பதவியின் சம்பளத்தை இருவருக்கும் பங்கு போட்டார்கள். இருவருக்குமே திருப்தி இல்லை.

முப்பது ஆண்டுப் பதக்கம்

பிஸ்ட்ரூச்சியின் வாழ்வில் இன்னொரு பெரிய கதை வாட்டர்லூ பதக்கம். நெப்போலியனை வென்ற நினைவாக, நான்கு நாட்டு மன்னர்களுக்கும், வெலிங்டன், புளூக்கர் ஆகிய இரு தளபதிகளுக்கும் கொடுக்கப் பெரிய பதக்கம் ஒன்று செய்ய 1819-ம் ஆண்டு உத்தரவாயிற்று. பேசிய கூலி 2,400 பவுண்டு.

பதக்கத்தின் குறுக்களவு 5 அங்குலத்துக்கும் அதிகம். அதில் எண்ணற்ற உருவங்கள். அத்தனையையும் எஃகில் தன் கையாலேயே செதுக்க வேண்டும் என்று பிஸ்ட்ரூச்சி பிடிவாதம் பிடித்தார். பதவி கிடைக்காத மனக்குறை வேறு. இதை முடித்துக் கொடுத்துவிட்டால் தன்னை வெளியேற்றிவிடுவார்கள் என்றே தாமதம் செய்தார் என்று சொன்னவர்களும் உண்டு. ஆண்டுகள் ஓடின.

அச்சுகள் 1849-ம் ஆண்டு நாணயச் சாலைக்கு வந்து சேர்ந்தன. முப்பது ஆண்டு! அதற்குள் பதக்கம் பெற வேண்டிய ஆறு பேரில் ஐந்து பேர் இறந்துபோயிருந்தார்கள். வெலிங்டன் பிரபு ஒருவர்தான் மிச்சம். நெப்போலியனும் இல்லை. பகைத்த நாடுகள் நண்பர்கள் ஆகிவிட்டன.

சோதனை அதோடு தீரவில்லை. எஃகு அச்சைக் காய்ச்சிக் குளிர்வித்து இறுக்கினால்தான் அதை வைத்து உலோகத்தில் அடிக்க முடியும். இவ்வளவு பெரிய அச்சு அந்தச் சூட்டில் வெடித்துவிட்டால் முப்பது ஆண்டு உழைப்பும் போய்விடும். நாணயச் சாலையில் யாருக்கும் துணிவு வரவில்லை. மின்சார முறையில் சில பிரதிகள் எடுத்ததோடு சரி. தங்கப் பதக்கம் எந்த மன்னரின் கைக்கும் போகவில்லை.

கடைசிக் காலத்தில் பிஸ்ட்ரூச்சி லண்டனை விட்டு விண்ட்சர் பக்கம் போய்க் குடியிருந்தார். அவருடைய மகள்கள் இருவரும் தந்தையிடம் தொழில் கற்றுக் கேமியோ கலைஞர்கள் ஆனார்கள். அவர் கடைசியாக வாழ்ந்த வீட்டின் பெயர் புளோரா லாட்ஜ். ஐந்து பவுண்டுகூடத் தேறாத அந்த உடைந்த மலர்த் தேவதையின் பெயர்!

1855-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி நுரையீரல் நோயால் அவர் காலமானார். வயது 72. அவர் செய்த குதிரை சவரனில் இருந்து இறங்கி அப்போது முப்பது ஆண்டு ஆகியிருந்தது. அது மறுபடி ஏறும் என்று அவருக்குத் தெரியாது.

குதிரை மும்பைக்கு வந்தது

பதினாறு ஆண்டு கழித்து, 1871-ம் ஆண்டு, நாணயச் சாலையின் புதிய நிர்வாகம் பழைய அச்சுகளைத் தேடிப் பார்த்தது. இவ்வளவு அழகான வேலையை ஏன் ஒதுக்கினோம் என்று எண்ணி, புனித ஜார்ஜை மறுபடி சவரனில் போட்டார்கள். பி.பி. என்ற எழுத்துகளும் கூடவே வந்தன.

இந்த முறை குதிரை உலகம் சுற்றியது. ஆஸ்திரேலியாவில் சிட்னி, மெல்போர்ன், பெர்த், கனடாவில் ஒட்டாவா, தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா ஆகிய ஊர்களிலும் அதே சவரன் அடிக்கப்பட்டது.

நமது மும்பையும் இந்தப் பட்டியலில் உண்டு. முதல் உலகப் போர் நடந்த சமயம், இங்கிலாந்து நாணயச் சாலையின் கிளை ஒன்று மும்பையில் திறக்கப்பட்டது. கோட்டைப் பகுதியில் ரிசர்வ் வங்கிக்கு எதிரே இன்றும் நிற்கும் நாணயச் சாலைதான் அந்த இடம். 1918-ம் ஆண்டு என்று பொறித்து சுமார் 13 லட்சம் சவரன் அங்கே அடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கிளை மூடப்பட்டது. அந்த ஒரே ஒரு ஆண்டுக் காசுதான் மும்பைச் சவரன். ரோமில் பிறந்து லண்டனில் வேலை செய்தவரின் குதிரை, இந்தியா என்பதன் முதல் எழுத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு இங்கிருந்து புறப்பட்டது.

தேடுவோர் தேடுவது

இன்று உலகம் எங்கும் பழைய ஆங்கிலத் தங்கக் காசு சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது ஆண்டு. 1817-ம் ஆண்டுக் காசு 32 லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டது. 1819-ல் அடித்தது வெறும் 3,574. அதில் இன்று தப்பியிருப்பது பத்து அல்லது அதை ஒட்டிய எண்ணிக்கைதான். பிஸ்ட்ரூச்சி செய்த 1820-ம் ஆண்டு ஐந்து பவுண்டு மாதிரிக் காசு சுமார் 25 மட்டுமே. இவை ஏலத்துக்கு வந்தால் தங்கத்தின் விலையை யாரும் கேட்பதில்லை.

அடுத்தது ஊர் எழுத்து. 20-ம் நூற்றாண்டுச் சவரனில் ஆண்டு எண்ணுக்கு மேலே உள்ள தரைக் கோட்டைக் கவனிக்க வேண்டும். அங்கே ஐ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் மும்பை. எஸ் என்றால் சிட்னி, எம் என்றால் மெல்போர்ன், பி என்றால் பெர்த், சி என்றால் கனடா, எஸ்.ஏ. என்றால் தென்னாப்பிரிக்கா. எழுத்தே இல்லை என்றால் லண்டன்.

மூன்றாவது காசின் நிலை. கழுத்தில் போட வளையம் பற்றவைத்த காசு, புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசு, இரண்டுக்கும் சேகரிப்பாளரிடம் மதிப்புக் குறைவு. தங்கத்தின் விலைதான் கிடைக்கும். பாட்டி வைத்திருந்த காசைத் தேய்க்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நல்ல காரியம்.

போலிகளும் ஏராளம். நல்ல தங்கத்திலேயே செய்த போலிகூட உண்டு. எடை 7.98 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர். இவை இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி. அதற்கு மேல் தெரிந்தவர்களிடம் காட்டுவதே முறை. பெய்ன் நைட் போன்ற பெரிய அறிஞரே ஏமாந்தார் என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்?

எட்டாம் எட்வர்டு மன்னர் 1936-ம் ஆண்டு டிசம்பரில் காதலுக்காக முடி துறந்தார் அல்லவா? அவர் முகம் போட்டு 1937 என்று ஆண்டு பொறித்த சவரன் புழக்கத்துக்கே வரவில்லை. மாதிரிக்காக அடித்த சில மட்டும் இருக்கின்றன. அதில் ஒன்று 2020-ம் ஆண்டு ஜனவரியில் 10 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. ஒரு பவுண்டு காசுக்குப் பத்து லட்சம் பவுண்டு! அதைத் திருப்பிப் பார்த்தால் அங்கேயும் அதே குதிரை, அதே வீரன்.

வில்லியம் வயனின் பெயரும் வீண் போகவில்லை. 1839-ம் ஆண்டு என்று பொறித்து அவர் செய்த ஐந்து பவுண்டு தங்கக் காசில் இளம் விக்டோரியா ராணி ஒரு சிங்கத்தை அழைத்துப் போவார். ஆங்கிலத் தங்கக் காசுகளிலேயே அழகானது அதுதான் என்பவர்கள் பலர். உயிரோடு இருந்தபோது ஒரு நாற்காலிக்காக மோதிக்கொண்ட இருவரின் காசுகளும் இன்று சேகரிப்பாளரின் பேழையில் பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தில் இருக்கின்றன.

அந்த நாற்காலியில் பிறகு எத்தனையோ பேர் அமர்ந்தார்கள். அவர்கள் பெயரை அறிந்தவர்கள் குறைவு. அமர இடம் கிடைக்காதவரின் இரண்டு எழுத்து மட்டும் இருநூறு ஆண்டு கடந்தும் தங்கத்தில் நிற்கிறது. வீட்டில் பவுன் காசு இருப்பவர்கள் அடுத்த முறை பெட்டியைத் திறக்கும்போது, நாகத்தின் கீழே வலது ஓரத்தைப் பார்க்கலாம்.